குதிரை ஏற்றும் டிரெய்லருக்கு எந்த டயர்?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(இம்முறை ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து ஒரே பொருளைப் பற்றிப் பல கடிதங்கள் வந்திருப்பதால், அவற்றையே சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.)

கேள்வி: நாங்கள் தேவிபட்டினத்துக்கு அருகில் வசிக்கிறோம். என் தந்தையார் காலத்திலிருந்து குதிரை வண்டிப் பந்தயத்துக்காகக் குதிரை வளர்த்து வருகிறோம். பந்தய ஊர்களுக்கு இரண்டு குதிரைகளைக் கொண்டுசெல்ல, பட்டறையில் சொல்லிச் செய்த இரட்டை அச்சு டிரெய்லரைப் பிக்கப் வண்டியில் மாட்டி இழுத்துச் செல்கிறோம். சென்ற மாதம் உச்சிப்புளியைத் தாண்டிச் செல்லும்போது இடப்பக்கத்து முன் டயர் வெடித்துவிட்டது. நல்லவேளையாகக் குதிரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற மூன்று டயர்களிலும் பட்டன் (சாலையில் படும் மேல் ரப்பர்) தேயவே இல்லை; ஆண்டுக்கு இருபது, முப்பது நாட்கள்தான் வண்டி வெளியே வருகிறது. வெடித்ததை மட்டும் மாற்றினால் போதுமா? இப்போது இருப்பவை 185/70 ஆர் 14 அளவுள்ள கார் டயர்கள். அதையே மறுபடியும் மலிவாகத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். காருக்கு வைப்பது போல 30 பவுண்டு காற்று வைத்து வந்தோம். வெறும் வண்டி 900 கிலோ என்று பட்டறையில் சொன்னார்கள். டயரின் ஓரத்தில் ஒரு நீள்வட்டத்துக்குள் 3218 என்று இருக்கிறதே, அது என்ன?

பதில்: கடைசியில் கேட்ட எண்ணிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் டயர் வெடித்ததற்கான முதற்காரணம் அதற்குள்தான் இருக்கிறது. 3218 என்பது அந்த டயர் 2018ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில், அதாவது ஆகஸ்ட் மாதத்தில், தயாரானது என்பதைக் குறிக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நீங்கள் வாங்கிய தேதியோ வண்டி கட்டிய தேதியோ இங்கே கணக்கில்லை. தொழிற்சாலையில் தயாரான நாளிலிருந்தே ரப்பருக்கு வயது ஏறத் தொடங்கிவிடுகிறது.

பட்டன் தேயவில்லை என்பதைக் காருக்கு நல்ல சேதியாகச் சொல்லலாம். டிரெய்லருக்கு அது எதையுமே சொல்வதில்லை. ரப்பரில் வெடிப்பு விழாமல் இருப்பதற்காக, டயர் செய்யும்போதே அதன் கலவையில் ஒருவகை மெழுகையும் ஓசோனைத் தடுக்கும் வேதிப்பொருள்களையும் சேர்க்கிறார்கள். டயர் உருண்டு, அமுங்கி, நிமிரும்போதுதான் அவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வந்து ஒரு மெல்லிய காப்பாகப் படிகின்றன. தினமும் ஓடும் பேருந்து டயருக்கு இந்தக் காப்பு தானாகவே புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். உங்கள் டிரெய்லரோ ஆண்டில் பதினொரு மாதம் வெயிலில், ஒரே இடத்தில், ஒரே பக்கம் அமுங்கியபடி நிற்கிறது. நம் கடற்கரை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில் டயரின் பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வறண்ட கண்மாய் மண்ணைப் போல மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயர் முடிந்துவிட்டது. டிரெய்லர் டயருக்கு ஐந்தாவது ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் சோதனை தேவை. உயிருள்ள பாரத்தை ஏற்றும் வண்டியில் ஆறு ஆண்டுக்கு மேல் நான் எந்த டயரையும் விட்டுவைக்கச் சொல்ல மாட்டேன். ஆகவே நான்கையும் மாற்றுங்கள். ஸ்டெப்னியும் அதே வயதுதான் என்றால் அதையும் சேர்த்து ஐந்து.

நான்கையும் மாற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரட்டை அச்சு வண்டியில் ஒரு டயர் வெடித்தால், அதே பக்கத்தில் உள்ள அடுத்த டயர் அந்தக் கணத்திலிருந்து இரண்டின் சுமையையும் தனியாகத் தாங்குகிறது. நீங்கள் வண்டியை ஓரம் கட்டுவதற்குள் ஓடிய தூரத்தில் அதன் உள்ளிழைகள் என்ன பாடு பட்டிருக்கும் என்பது வெளியே தெரியாது. வெடித்த டயரை மாற்றிக்கொண்டு மகிழ்ச்சியாகப் போனவர்கள், அடுத்த பயணத்தில் அதே பக்கத்துப் பின் டயரும் போய்விட்டதாகச் சொல்வதை அடிக்கடி கேட்கலாம். அது கெட்ட நேரத்தால் வருவதன்று.

இனி, கார் டயரா வேறா என்ற கேள்வி. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வெறும் வண்டி 900 கிலோ. குதிரை ஒன்று 350 கிலோ என்று வைத்தால் இரண்டுக்கும் 700. புல், கொள்ளு, தண்ணீர், பந்தய வண்டியின் சாமான்கள் என்று 200 சேர்த்தால் மொத்தம் 1,800 கிலோ. இதில் பத்தில் ஒரு பங்கு, 180 கிலோ, இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்கும். மீதி 1,620 கிலோவை நான்கு டயர்கள் சமமாகப் பங்கிட்டால் ஒன்றுக்கு 405 கிலோ. ஆனால் அவை சமமாகப் பங்கிடுவதே இல்லை. குதிரை தன் எடையில் ஏறக்குறைய அறுபது விழுக்காட்டை முன்கால்களில்தான் வைத்திருக்கிறது. போதாததற்கு மூட்டையைப் போல ஓரிடத்தில் கிடக்காமல், திருப்பத்தில் சாய்ந்து, பிரேக் போட்டால் முன்னால் வந்து, ஈ கடித்தால் காலை உதைத்துக்கொண்டே வருகிறது.

டயரின் பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் இருக்கும் எண் சுமைக் குறியீடு. 185/70 ஆர் 14 கார் டயரில் பொதுவாக 88 என்று இருக்கும். 88 என்றால் 560 கிலோ. பார்ப்பதற்கு 405க்கு இது தாராளம்தான். ஆனால் அந்த 560 கிலோ, டயரில் 36 பவுண்டு காற்று இருந்தால்தான். 30 வைத்தால் தாங்கும் திறன் 500க்குக் கீழே இறங்கிவிடும். கார் டயரைக் கார் அல்லாத வண்டியில் மாட்டும்போது அதன் திறனை 1.10 ஆல் வகுத்துக் குறைத்துக்கொள்வது அமெரிக்காவில் உள்ள நடைமுறை. குதிரை டிரெய்லர்கள் அங்கே மிகுதி என்பதால் இந்த அனுபவமும் அவர்களுக்கு மிகுதி. அந்தக் கணக்கையும் சேர்த்தால், உங்கள் டயர் ஒவ்வொரு பயணத்திலும் தன் எல்லையை உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. வயது, குறைந்த காற்று, எல்லையை உரசும் சுமை ஆகிய மூன்றும் ஒன்றுகூடினால் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி மடங்கிச் சூடேறும். டயரை வெடிக்கவைப்பது அந்தச் சூடுதான்.

அதே 14 அங்குல ரிம்மில், அதே 185 அகலத்தில், 185 ஆர் 14 சி என்று ஒரு டயர் கிடைக்கிறது. வேன்களுக்கும் சிறிய சரக்கு வண்டிகளுக்கும் உரியது. 8 பிஆர் என்று குறித்திருப்பார்கள்; பிஆர் என்பது டயர் கூட்டின் வலிமைத் தரம். அதில் 102/100 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் ஒற்றைச் சக்கரமாகப் பொருத்தினால், இரண்டாவது எண் லாரியின் பின்பக்கம் போல ஜோடிச் சக்கரமாகப் பொருத்தினால். உங்களுக்கு முதல் எண்தான் பொருந்தும்: 102 என்றால் 850 கிலோ. இப்போது உச்சிப்புளிச் சம்பவத்தைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தின் மொத்தச் சுமை 810 கிலோ. ஒன்று வெடித்தாலும் 850 கிலோ தாங்கும் துணை டயர் வண்டியை ஓரம் சேர்க்கும். 560 கிலோ தாங்கும் டயர் அதைச் செய்யும் என்று நம்பிக் குதிரையை ஏற்றக் கூடாது. நான் டயர் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் இதுதான்: நான்கில் ஒன்று போனால் மீதி தாங்குமா என்று பார்ப்பேன்.

வாங்கும் முன் இரண்டு, மூன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். சி வகை டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 650 மில்லிமீட்டர். உங்கள் பழைய டயர் 615 மில்லிமீட்டர்தான். மட்கார்டுக்கும் டயருக்கும், முன் டயருக்கும் பின் டயருக்கும் இடையில் போதிய இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இந்த உயர வேறுபாட்டாலேயே பழையதையும் புதியதையும் கலந்து மாட்டக் கூடாது. இரட்டை அச்சில் உயரமான டயர் கூடுதல் சுமையைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளும். அடுத்தது, இந்த டயர் முழுச் சுமைக்கு 65 பவுண்டு காற்று கேட்கும். பழைய கார் ரிம் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதுதானா என்று ரிம்மில் உள்ள குறிப்பைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ரிம்மும் மாற வேண்டும். காரில் போடும் சாதாரண ரப்பர் வால்வுக்கும் 65தான் எல்லை என்பதால், அதற்கு மேற்பட்ட அழுத்தத்துக்கான வால்வையோ நட்டு வைத்து இறுக்கும் உலோக வால்வையோ கேட்டு வாங்குங்கள். மலிவான ஒரு சின்னப் பொருளுக்காக ஆயிரக்கணக்கில் வாங்கிய டயரைப் பணயம் வைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும், தயாரிப்பு எண் ஆறு மாதத்துக்குள் இருக்கிறதா என்றும் ஐந்து டயர்களிலும் தனித்தனியே பாருங்கள். கடையின் மூலையில் இரண்டு ஆண்டு கிடந்த டயருக்கு நீங்கள் புது விலை கொடுக்க வேண்டியதில்லை.

மேலே உள்ள எடையெல்லாம் ஊகம்தான். குதிரைகளை ஏற்றிய நிலையிலேயே வண்டியை ஒரு எடை மேடையில் நிறுத்தி, பிக்கப்பைக் கழற்றாமல் மேடைக்கு வெளியே நிற்கவிட்டு, டிரெய்லரின் அச்சுகளை மட்டும் நிறுத்துப் பாருங்கள். உப்பும் மீனும் ஏற்றும் ஊர்களில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. பட்டறையில் சொன்ன 900 கிலோ, இரும்புத் தகடும் பலகையும் ரப்பர் விரிப்பும் சேர்ந்தபின் 1,100 ஆக இருந்தால் நான் வியக்க மாட்டேன்.

கேள்வி: வெளிநாட்டுப் பழைய குதிரை டிரெய்லர் ஒன்று எங்கள் பண்ணைக்கு வந்திருக்கிறது. அதன் கையேட்டில் எஸ்டி டயர், லோடு ரேஞ்ச் டி என்று எழுதியிருக்கிறது. இங்கே எந்தக் கடையிலும் அப்படி ஒன்று இல்லை என்கிறார்கள். (கீழக்கரை வாசகர்)

பதில்: எஸ்டி (ஸ்பெஷல் டிரெய்லர்) என்பது டிரெய்லருக்கென்றே உள்ள அமெரிக்க வகை டயர். இழுக்கப்படும் சக்கரம் திரும்புவதும் இல்லை, தானே இழுப்பதும் இல்லை. சுமையைத் தாங்குவதும் திருப்பத்தில் பக்கவாட்டில் உரசுவதும்தான் அதன் வேலை. அதனால் அதன் பக்கச்சுவரை விறைப்பாகச் செய்கிறார்கள். எழுத்துகள் வலிமையைக் குறிக்கும்: சி என்றால் நம் கணக்கில் 6 பிஆர், டி என்றால் 8 பிஆர், இ என்றால் 10 பிஆர். இந்தச் சி வேறு, மேலே நான் சொன்ன 185 ஆர் 14 சி என்பதில் உள்ள சி வேறு. பின்னது சரக்கு வண்டி டயர் என்பதற்கான அடையாளம். இங்கே நீங்கள் அதே ரிம் அளவில், எல்டி (லைட் டிரக்) என்றோ சி என்றோ குறித்த 8 பிஆர் டயரைப் பார்த்து, கையேட்டில் ஒரு டயருக்குச் சொன்ன கிலோ கணக்குக்குக் குறையாத சுமைக் குறியீடு இருந்தால் வாங்கலாம்.

கேள்வி: எங்கள் பக்கம் எங்கே வண்டியை இறக்கினாலும் சீமைக் கருவேல முள்தான். மாதம் இரண்டு பஞ்சர். ட்யூப்லெஸ் நல்லதா, டியூப் போட்டதா? (பெரியபட்டினம் வாசகர்)

பதில்: ட்யூப்லெஸ்தான். டியூப் போட்ட டயரில் முள் குத்தினால் காற்று மொத்தமும் சீக்கிரமே இறங்கிவிடும். ட்யூப்லெஸ்ஸில் முள் தன் துளையைத் தானே அடைத்துக்கொண்டு மெதுவாகக் கசியும், நீங்களும் கவனிக்க நேரம் கிடைக்கும். ஆனால் அந்த மெதுவான கசிவே குதிரை வண்டிக்கு ஆபத்தாகவும் முடியலாம். முன்னால் காரில் என்றால் ஸ்டியரிங்கில் தெரிந்துவிடும். பின்னால் வரும் டிரெய்லரில், அதுவும் இரட்டை அச்சில், ஒரு டயர் பாதிக் காற்றோடு ஓடுவது ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு முறை புறப்படும்போதும் கையால் தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு காற்றளவி வாங்கிக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். 65 பவுண்டு உள்ள டயரில் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய இரண்டரை பவுண்டு கூடும். வழியில் சூடாக இருக்கும்போது கூடுதலாகத் தெரிகிறதே என்று திறந்துவிடாதீர்கள், மறுநாள் காலையில் அது குறைவாக நிற்கும்.

பட்டன் பகுதியில் விழுந்த துளையை, அது ஆறு மில்லிமீட்டருக்கு உட்பட்டிருந்தால், டயரைக் கழற்றி உள்பக்கம் ஒட்டுப் போட்டுச் சரிசெய்யலாம். பக்கச்சுவரில் முள் ஏறினால் ஒட்டுக்கு இடமில்லை. முள்ளை முறித்துவிட்டு, நுனி உள்ளே இருக்கட்டும் என்று ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கருவேல முள்ளின் நுனி உள்ளேயே இருந்து நாளுக்கு நாள் ஆழமாகப் போகும்.

கேள்வி: ரீட்ரெட் செய்த டயரைப் பாதி விலைக்குப் போடலாமா? (தொண்டி வாசகர்)

பதில்: சரக்கு லாரிக்குப் போடுகிறார்கள், நன்றாகவே ஓடுகிறது. குதிரை ஏற்றும் டிரெய்லருக்கு வேண்டாம். மேலே புதிய பட்டன் ஒட்டினாலும் உள்ளே இருக்கும் கூடு பழைய வயதோடுதான் இருக்கிறது.

கேள்வி: மண்டபத்திலிருந்து தங்கச்சிமடத்துக்கு மாதம் ஒருமுறை குதிரையுடன் பாம்பன் பாலத்தைக் கடக்கிறேன். காற்றுக் காலத்தில் டிரெய்லர் பின்னால் பாம்பு போல நெளிகிறது. ரேடியல் டயரை மாற்றி நைலான் டயர் போட்டால் சரியாகும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. நைலான் டயரின் பக்கச்சுவர் விறைப்பானது, ரேடியலுடையது வளைந்துகொடுப்பது. ஆனால் நைலான் டயர் ஓட்டத்தில் கூடுதலாகச் சூடாகும், சீக்கிரம் தேயும், நெடுநாள் நின்றால் அமுங்கிய இடம் தட்டையாகிவிடும். வெயிலில் நீண்ட தூரம் போகும் வண்டிக்கு நான் ரேடியலையே சொல்வேன். அதிலும் 8 பிஆர் சரக்கு வண்டி ரேடியல், முழுக் காற்றோடு. ஒரே அச்சில் இரண்டு வகையையும் கலப்பது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது.

உங்கள் நெளிவுக்கு டயரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஒரே குதிரையைக் கொண்டுபோகிறீர்கள் என்று தெரிகிறது. அதை எந்தப் பக்கம் நிறுத்துகிறீர்கள்? நம் சாலைகள் நடுவில் மேடாகவும் இடப்பக்க ஓரத்தில் சரிவாகவும் இருப்பதால், தனிக் குதிரையை வலப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம், நிறுத்த வேண்டும். கொஞ்சம் முன்தள்ளி நிறுத்துங்கள். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு கொக்கியில் இறங்கினால்தான் டிரெய்லரின் வால் அடங்கும். பின்பக்கம் கனத்தால் எந்த டயர் போட்டாலும் நெளியத்தான் செய்யும். 1988இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான், மெதுவாகவே போங்கள். நெளியத் தொடங்கினால் அவசரமாகப் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒரு செய்தியை இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேகக் குறியீடு உயர்ந்த டயராக வாங்குங்கள் என்று கடையில் சொல்வார்கள். விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, குதிரை ஏற்றிய வண்டி மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. குதிரையின் தலை எதிரே வரும் வாகனங்களைப் பார்க்காமல் இடப்பக்கம் நோக்கி இருக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் சொல்கின்றன. மணிக்கு 120 கிலோமீட்டருக்கான எல் குறியீடே உங்களுக்கு மிகுதி. அந்தப் பணத்தைச் சுமைக் குறியீட்டில் செலவிடுங்கள்.

கேள்வி: வாலிநோக்கம் உப்பளங்களுக்கு அருகில் இருக்கிறோம். புது டயரிலும் வாரத்துக்குப் பத்துப் பவுண்டு காற்று குறைகிறது. பஞ்சர் கடையில் தண்ணீரில் முக்கிப் பார்த்தும் துளை இல்லை. உப்புக் காற்று டயரைத் தின்கிறதா?

பதில்: டயரையன்று, ரிம்மைத் தின்கிறது. ட்யூப்லெஸ் டயரின் விளிம்பு ரிம்மோடு ஒட்டி உட்காரும் இடத்தில் துரு பிடித்தால், அந்தச் சொரசொரப்பின் ஊடே காற்று கசியும். முக்கும்போது விளிம்பைச் சுற்றிச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், முத்து முத்தாக எழும். டயரைக் கழற்றி, ரிம்மின் அந்தப் பகுதியைச் சுத்தமாகத் தேய்த்து, பெயின்ட் அடித்துக் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். துரு குழி விழுந்துவிட்டால் ரிம்மையே மாற்றுங்கள். கடல் மணலில் இறக்கிய நாளில் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மணலில் புதையாமல் இருக்கக் காற்றைக் குறைக்கும் பழக்கம் தனுஷ்கோடிப் பக்கத்து ஜீப்புகளிலிருந்து எல்லாரிடமும் தொற்றியிருக்கிறது. குறைத்தால், தார்ச் சாலையில் ஏறும் முன் திரும்ப நிரப்பியாக வேண்டும்.

நிறுத்தி வைக்கும் மாதங்களில் அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்துச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, டயரின் மேல் வெயில் படாமல் சாக்கோ ஓலையோ போர்த்துங்கள். பளபளப்புக்காக டீசல் போட்டுத் துடைப்பதை நிறுத்துங்கள், அது ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும்.

கேள்வி: வழியில் டயர் போனால் குதிரைகளை இறக்காமல் மாற்ற முடியுமா? (தேவிபட்டினம் வாசகரே கேட்ட துணைக் கேள்வி)

பதில்: நெடுஞ்சாலை ஓரத்தில் குதிரையை இறக்குவதைவிட உள்ளேயே விடுவதுதான் பாதுகாப்பு. குதிரை உள்ளே அசைந்துகொண்டிருக்கும்போது ஜாக்கியை நம்ப முடியாது. இரட்டை அச்சு வண்டிக்கு எளிய வழி உண்டு. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய, அரை அடிக்குச் சற்றுக் குறைவான உயரமுள்ள கனத்த மரக்கட்டை ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள். வெடித்த டயருக்குப் பக்கத்தில் உள்ள நல்ல சக்கரத்தை அந்தக் கட்டையின் மேல் மெதுவாக ஏற்றி நிறுத்தினால், வெடித்த சக்கரம் தரையை விட்டு எழும்பி நிற்கும். இழுக்கும் வண்டியின் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மறுபக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்த பிறகே கையை வையுங்கள். ஏற்றுவதற்கு முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். மாட்டும்போது ஒன்றை விட்டு ஒன்றாக, எதிரெதிராக இறுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி எல்லா நட்டுகளையும் ஸ்பேனரால் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.